கியர்பாக்ஸை இறக்கும் முன்

மலைப்பாதையில் ஓடும் பழைய ஜீப்பில் இரண்டாவது கியர் விழும்போது கறகறவென்று அரைக்கிறதா? கிளட்ச் முழுதாக விடுபடுகிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால், பித்தளை சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் அடங்கினால், இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து ஆயிலை வடித்துப் பாருங்கள். நான் அதிகம் நம்புவது இந்தச் சோதனையைத்தான். டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் மைபோல் படிந்த நுண்தூள் வழக்கமான தேய்மானம். கையில் உறுத்தும் இரும்புச் சில்லு வந்தால் ஏதோ ஒரு பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. வண்டியை அதற்குமேல் ஓட்டவே வேண்டாம். பால் கலந்த காபி நிறமென்றால் ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் புகுந்திருக்கும்.

பல்சக்கரங்களும் ஷாஃப்ட்டும் நன்றாக இருந்தால் பேரிங், சிங்க்ரோ ரிங், ஆயில் சீல் மாற்றிக் கட்டினாலே போதும். ஹவுசிங் விரிசல் விட்டிருந்தால் வேறு பெட்டிதான். எப்படியானாலும், இறக்கிய கையோடு கிளட்ச் தட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்து மாற்றிவிடுங்கள். இரண்டாம் முறை இறக்குகிற கூலி மிச்சம். கையேடு ஜிஎல்-4 ஆயில் கேட்டால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் புதுப் பித்தளை ரிங்கை அரித்துவிடக்கூடும்.