கிட்னி ரத்தக்குழாய்க்குப் பலூன் சிகிச்சை: தெரிந்து கொள்வோம்



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்தில் 55 வயது உறுப்பினர் ஒருவர் அவசரக் கடன் கேட்டார். "கிட்னிக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பாம். பலூன் வச்சு விரிக்கணும்னு சொல்லிட்டாங்க" என்றார். நாலு வகை மாத்திரை சாப்பிட்டும் அவருக்குப் பிரஷர் இறங்கவில்லை. நடுராத்திரியில் மூச்சுத் திணறி இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்ததும், "அதான் குழாயைச் சரி பண்ணியாச்சே" என்று எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் பிரஷர் தாறுமாறாக ஏறி மயங்கி விழுந்தார். இப்போது நலமாக இருக்கிறார். "முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன்" என்று அவர் சொன்னதால்தான், அவர் சம்மதத்தோடு இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

நோய் என்ன?

வாய்க்காலில் மண் மேடிட்டால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகாது. அதுபோல, குழாய்க்குள் கொழுப்பு படிந்து சுருங்கினால் கிட்னிக்குப் போகிற ரத்தம் குறைந்துவிடும். உடனே கிட்னி, "உடம்பில் பிரஷர் போதவில்லை" என்று நினைத்து, பிரஷரை ஏற்றும் ரெனின் என்ற சுரப்பை அதிகமாக விடும். அதனால் பிரஷர் மேலும் ஏறும். வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது அதிகம் வரும்.

நம் நாட்டில் இளம்பெண்களுக்கு வேறு காரணத்தாலும் வரலாம். டகாயாசு என்ற நோயில் ரத்தக்குழாய்ச் சுவர் வீங்கிச் சுருங்கும். 1908-ல் இதைப் பற்றிச் சொன்ன ஜப்பான் நாட்டுக் கண் டாக்டரின் பெயர் அது. இந்த நோய் இருந்தால் கையில் நாடி சரியாகக் கிடைக்காமல் போகலாம். இவர்களுக்கு முதலில் மருந்தால் வீக்கத்தை அடக்கிவிட்டுத்தான் பலூன் சிகிச்சை பற்றி யோசிப்பார்கள். சின்ன வயதிலேயே பிரஷர் அதிகம் என்றால் இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் பலூன் தேவையா?

தேவையில்லை. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களையும், மாத்திரையோடு ஸ்டென்ட் வைத்தவர்களையும் ஒப்பிட்டுப் பெரிய ஆய்வுகள் நடந்தன. 806 பேரிடம் நடந்த ஆஸ்ட்ரல் ஆய்வின் முடிவு 2009-ல் வந்தது. 947 பேரைச் சேர்த்து நடந்த கோரல் ஆய்வின் முடிவு 2014-ல் வந்தது. கொழுப்பு படிந்து சுருங்கியவர்களில் பெரும்பாலோருக்கு, ஸ்டென்ட் வைத்ததால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை என்று தெரிந்தது. ஆகவே டாக்டர் "மாத்திரையே போதும்" என்றால் கவனிக்காமல் விடுகிறார் என்று நினைக்க வேண்டாம். பல மாத்திரைக்கும் அடங்காத பிரஷர், திரும்பத் திரும்ப நுரையீரலில் நீர் கோர்ப்பது, கிட்னி வேகமாகக் கெடுவது போன்ற நிலைகளில்தான் பலூன் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள்.

சிகிச்சைக்கு முன்

கிரியாட்டினின் அளவு பார்க்க ரத்தப் பரிசோதனை செய்வார்கள். சாப்பிடும் எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்து உட்பட, பையில் போட்டு எடுத்துப் போங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். அலர்ஜி இருந்தாலும், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும் மறைக்காதீர்கள்.

சிகிச்சை நாளில்

வயிற்றைக் கிழிக்கும் ஆபரேஷன் இது இல்லை. தொடை இடுக்கில் அல்லது மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். பெரும்பாலும் விழித்துக்கொண்டுதான் இருப்போம். மெல்லிய குழாயை உள்ளே விட்டு, எக்ஸ்ரேயில் தெரிய மருந்து செலுத்துவார்கள். அப்போது உடம்பில் திடீரென்று சூடு பரவும். பயப்பட வேண்டாம். சுருங்கிய இடத்தில் பலூனை ஊதி விரித்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயைப் பொருத்துவார்கள். பலூன் விரியும்போது இடுப்பின் பின்பக்கம் லேசாக வலிக்கலாம். அதிக வலி என்றால் உடனே சொல்லுங்கள்.

தொடை வழியாகச் செய்தால் பிறகு சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். குழாய் விட்ட இடத்தில் ரத்தம் கட்டுவது, உள்ளே செலுத்திய மருந்தால் கிட்னி பாதிப்பது, அபூர்வமாக ரத்தக்குழாய் கிழிவது ஆகிய ஆபத்துகளும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

• சில நாட்களுக்குத் தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு தூக்கக் கூடாது.
• ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம்.
• பிரஷர் மாத்திரை தொடரும். சிலருக்கு எண்ணிக்கை குறையும். முழுதாக நிற்பது சிலருக்குத்தான்.
• குழாய் மறுபடி சுருங்கலாம். அதனால் பிரஷர், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவற்றைச் சொன்ன தேதியில் பார்க்க வேண்டும்.
• ரத்தம் கசிந்தால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். கால் சில்லிட்டாலும், சிறுநீர் குறைந்தாலும், காய்ச்சலோ கடும் இடுப்பு வலியோ வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாத்திரை வாங்கப் பஸ் காசு இல்லை என்று விடாதீர்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கடன் வாங்கும் முன், இந்தச் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு உதவி மையத்தில் கேளுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. எனக்கு மாத்திரை மட்டும் போதாதா?
2. இதனால் எனக்கு என்ன நன்மை, என்ன ஆபத்து?
3. பிறகு எந்த மாத்திரை தொடரும், எவ்வளவு நாள்?
4. மறுபடி எப்போது வர வேண்டும்?

இந்த மாதக் கூட்டத்தில் ஊக்குநர் இதை வாசித்துக் காட்டவும். "நல்லாத்தான் இருக்கேன்" என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தியவர்கள் நம் குழுவில் யார் யார் என்று மனம் விட்டுப் பேசுங்கள். சேமிப்பைக் கேட்பது போல, "மாத்திரை போட்டியா அக்கா?" என்றும் ஒருவரையொருவர் கேட்போம்.