பவரில் வரும் மனை: முன்பணத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

புறநகரில் மனை தேடிப் போகிறவர்களிடம் தரகர் வழக்கமாகச் சொல்வது இது: "ஓனர் வெளியூர்ல இருக்கார். பவர் நம்மகிட்ட இருக்கு, பத்திரத்தை நாங்களே முடிச்சுக் கொடுத்துடுவோம்." பவர் மூலம் விற்பது சட்டப்படி சரியான வழிதான். ஆனால் உரிமையாளர் உயிருடன் இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா, அந்தப் பவர் விற்கும் அதிகாரத்தைத் தருகிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுத்தால் பிறகு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

பவர் பத்திரம் (பொது அதிகார ஆவணம்) என்பது தன் சார்பில் செயல்படும்படி ஒருவர் இன்னொருவருக்கு எழுதித் தரும் அதிகாரம். எழுதித் தருபவர் முதல்வர், பெறுபவர் முகவர். நிலத்தின் உரிமை முதல்வரிடமிருந்து எங்கும் நகர்வதில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882இன் 54ஆம் பிரிவுப்படி, ரூ.100 அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள நிலமோ வீடோ பதிவு செய்த கிரயப் பத்திரத்தால்தான் கைமாறும். முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, முழுத் தொகையையும் கொடுத்துவிட்டுப் பவரையும் விற்பனை ஒப்பந்தத்தையும் (அக்ரிமென்ட்) மட்டும் வாங்கி வைத்துக்கொண்டவர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். இவை உரிமையைத் தராது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. அதே தீர்ப்பு, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் போன்ற உறவினருக்குக் கொடுக்கும் உண்மையான பவரையும், கட்டுமான நிறுவனத்துடன் செய்யும் அபிவிருத்தி ஒப்பந்தங்களையும் தாங்கள் குறை சொல்லவில்லை என்றும் தெளிவுபடுத்தியது. ஆகவே 'பவர்' என்ற சொல்லைக் கேட்டதும் பயந்து விலக வேண்டியதில்லை.

பெரிய ஆபத்து முதல்வரின் மரணத்தில் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 201ஆம் பிரிவுப்படி முதல்வரோ முகவரோ இறந்தால் பவர் முடிந்துபோகும். முகவர் இறந்தபின் அவருடைய மகன் "அப்பாவோட பவர் எனக்கு வந்திருக்கு" என்று சொன்னால் அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. பெங்களூரு மனை ஒன்றின் கதையைப் பாருங்கள். 1986இல் உரிமையாளர் பவரும், பதிவு செய்யாத விற்பனை ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்தார். 1997இல் அவர் இறந்தார். 1998இல் முகவர் அந்தப் பவரை வைத்துத் தன் மகனுக்கே கிரயம் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 பிப்ரவரியில் அந்தக் கிரயம் செல்லாது என்று முடிந்தது. பத்திரத்தில் 'ரத்து செய்ய இயலாதது' என்று எழுதியிருந்ததும் கைகொடுக்கவில்லை. தலைப்பையோ அந்த வாசகத்தையோ வைத்து அல்ல, முகவருக்கு அந்தச் சொத்தில் உண்மையாகவே ஓர் உரிமை நலன் இருந்ததா என்பதை வைத்தே நீதிமன்றம் பார்க்கும்.

அப்படி ஓர் உரிமை நலன் இருந்தால் நிலைமை தலைகீழாகிறது. இதை உரிமையாளர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். வாங்கிய கடனுக்காக நிலத்தை விற்று எடுத்துக்கொள்ளும்படி கடன் கொடுத்தவருக்கே பவர் எழுதிக் கொடுத்தால், 202ஆம் பிரிவுப்படி அதை நீங்களாக ரத்து செய்ய முடியாது. உங்கள் மரணத்தாலும் அது முடிவுக்கு வராது. அவசரத் தேவைக்குக் கைமாற்று வாங்கும்போது, "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்று நீட்டப்படும் பவரில் கையெழுத்துப் போடாதீர்கள். நிலத்தை ஈடாகக் கொடுக்க வேண்டுமென்றால் அடமானப் பத்திரம் எழுதுங்கள். அதில் மீட்கும் உரிமை உங்களுக்கு இருக்கும்.

வாங்குபவர் எச்சரிக்கையாக வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. பவர் பல ஆண்டு பழையது. உரிமையாளரைப் பேச வைக்கத் தரகர் தயங்குகிறார். பணம் முகவரின் கணக்குக்கே கேட்கப்படுகிறது. விலை அக்கம்பக்க விலையைவிடக் குறைவு. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அவசரத்தை நிறுத்துங்கள்.

பவரின் ஆவண எண்ணைக் கேட்டு வாங்கி, அது பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறுங்கள். தரகர் தரும் ஜெராக்ஸ் போதாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அசையாச் சொத்துக்கான பவரும் விற்பனை ஒப்பந்தமும் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும். நகலில் விற்கவும் தொகை பெறவும் தனித்தனியே அதிகாரம் இருக்கிறதா, சர்வே எண்ணும் பரப்பும் பொருந்துகின்றனவா, பலர் சேர்ந்து கொடுத்திருந்தால் எல்லோரும் உயிருடன் இருக்கிறார்களா என்று பாருங்கள். அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து கொடுத்த பவரில் ஒருவர் இறந்திருந்தால் அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போயிருக்கும். வில்லங்கச் சான்றைப் பார்ப்பது அவசியம்தான். அதோடு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் பவரும் அதன் ரத்தும் வேறு அலுவலகத்தில் பதிவாகியிருக்கலாம். முகவர் கிரயம் எழுதும்போது முதல்வரின் உயிர்ச் சான்றும் கேட்கப்படும். அந்தத் தாளை மட்டும் நம்பாமல் வீடியோ அழைப்பிலாவது உரிமையாளரிடம் நேரடியாகப் பேசி, விலையையும் மனையையும் அவர் வாயாலேயே கேளுங்கள். தொகை அவருடைய வங்கிக் கணக்குக்கே போகட்டும். சொத்து விற்பனையில் ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வெளிநாட்டில் எழுதப்பட்ட பவராக இருந்தால் இந்தியத் தூதரகச் சான்றும், இங்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் செலுத்திய முத்திரைத் தீர்வையும் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே பவரை நம்பி வாங்கிவிட்டீர்கள் என்றால் கலங்க வேண்டாம். உரிமையாளர் உயிருடன் இருந்தால் இன்றே அவரைத் தேடிப் போய், அவர் கையெழுத்திலேயே கிரயப் பத்திரம் வாங்குவதுதான் முதல் வேலை. முகவர் ஏற்கெனவே கிரயம் எழுதியிருந்து அதில் சந்தேகம் இருந்தால், அதை ஏற்று உறுதிசெய்யும் ஆவணத்தை எழுதிப் பதிவு செய்து கொடுக்க உரிமையாளரிடம் சொல்லுங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றை வைத்து, திருமணமாகிப் போன மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளையும் சேர்த்துப் பத்திரம் வாங்க வேண்டும். அவர்கள் மறுத்தால், கையிலுள்ள ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும்படி வழக்குப் போடலாம். அதற்கு 3 ஆண்டுக் காலவரம்பு உண்டு. அது ஒப்பந்தத்தில் குறித்த நாளிலிருந்தும், நாள் குறிக்காதபோது எதிர்த்தரப்பு மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்தும் ஓடும். தாள்களை எடுத்துக்கொண்டு உரிமையியல் வழக்கறிஞரிடம் சீக்கிரம் போங்கள்.

ஊரில் சொல்லப்படும் குறுக்கு வழிகளை நம்பாதீர்கள். பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். பட்டா வருவாய்த் துறைப் பதிவு, உரிமை மூலம் அல்ல. பவரோடு ஒரு உயிலும் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். உயிலை எழுதியவர் நினைத்தால் மறுநாளே மாற்றலாம். மரணத்தை மறைத்து உயிர்ச் சான்று வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். பதிவுச் சட்டத்தின் 82ஆம் பிரிவில் பொய்யான அறிக்கைக்கு 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அதற்கு உடன்போனவரையும் அதே பிரிவு விடாது.