மின்மினிக்கு வீட்டில் என்ன பேர்?

அன்பு மருமகளுக்கு,

உன் கதை கிடைத்தது. பதினொரு பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். குளம் உடைந்த இரவில் உன் சூப்பர் ஹீரோ மின்மினி தன் கை வெளிச்சத்தைக் காட்டி ஊர்க்காரர்களை மேட்டுக்கு ஏற்றிவிடும் இடத்தை மறுபடியும் போய்ப் படித்தேன். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தாயே: "சூப்பர் ஹீரோவைப் பட்டப்பெயரால் சொல்லணுமா, சொந்தப் பெயரால் சொல்லணுமா மாமா? ஏதாவது ஒன்றையே கடைசி வரைக்கும் எழுது என்கிறாள் என் தோழி." அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் தோழி சொல்வது பரீட்சைத் தாளுக்குச் சரி. கதைக்கு ஆகாது. தாத்தாவை ஆபீஸில் 'சார்' என்றார்கள், தெருவில் 'ரயில்வேக்காரர்' என்றார்கள், ஆச்சி 'என்னங்க' என்றார். அவருடைய அக்கா மட்டும் கடைசி மூச்சு வரை 'தம்பி' என்றார். ஆள் ஒருவர்தான். எந்தப் பெயர் வந்து விழுகிறது என்பதை வைத்தே கூப்பிடுகிறவர் யாரென்று சொல்லிவிடலாம்.

2004-இல் வந்த 'ஸ்பைடர்மேன் 2' படத்தை நீ பார்த்திருக்கிறாய். நியூயார்க்கில், உயரத்தில் ஓடும் தண்டவாளத்தில், நிற்காமல் போகும் ரயிலை அவன் நிறுத்துகிறானே, அந்த இடத்தை இன்னொரு முறை போட்டுப் பார். ரயிலின் முகப்பில் நின்றுகொண்டு, இரு பக்கக் கட்டடங்கள் மேலும் வலையை வீசி, உடம்பு கிழிந்துபோகும் அளவுக்கு இழுத்துப் பிடிக்கிறான். தண்டவாளம் முடிகிற இடத்தில் வண்டி நிற்கிறது. அவன் மயங்கிச் சாய்கிறான். முகத்தில் முகமூடி இல்லை. பயணிகள் அவனைத் தாங்கி, தலைக்கு மேலே கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். சின்னப் பையன், என் மகனைவிடப் பெரியவன் இல்லை என்கிறார் ஒருவர். பிறகு இரண்டு சிறுவர்கள் முகமூடியைக் கொண்டுவந்து கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். முகத்தை அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். ஆனால் "உன் பேர் என்னப்பா?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. உயிரைக் காப்பாற்றியவனுக்கு அவர்கள் செய்த கைம்மாறு அதுதான் என்று நினைக்கிறேன்.

கேட்டுத் தெரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஸ்பைடர்மேன் காமிக்ஸ் போடும் மார்வெல்காரர்களே ஒரு கதை எழுதினார்கள். 2006-இல் தொடங்கிய 'சிவில் வார்' காமிக்ஸில், எல்லா ஹீரோக்களும் தங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வருகிறது. ஸ்பைடர்மேனாக இருக்கும் பீட்டர் பார்க்கர் பத்திரிகைக்காரர்கள் முன்னால் முகமூடியைக் கழற்றித் தன் பெயரைச் சொல்கிறான். பிறகு வில்லன் கிங்பின் ஏவிய ஆள் அவனைக் குறிவைத்துச் சுடுகிறான். குண்டு, அவனை வளர்த்த மே பார்க்கர் மேல் பாய்கிறது. ஆங்கிலத்தில் அவர் ஆன்ட்டி. நம் முறைக்குப் பெரியம்மா. ஸ்பைடர்மேன் என்ற பெயருக்கு வீடு இல்லை, பெரியம்மா இல்லை. பீட்டர் பார்க்கர் என்ற பெயருக்கு இரண்டும் உண்டு.

இன்னொன்று சொல்கிறேன், இது மனதை வருத்துகிற விஷயம். பேட்மேனின் துணைவன் ராபின் 1940-இல் முதன்முதலாக வந்தான். அப்போது அவன் டிக் கிரேசன். வளர்ந்து ஆளானதும், 1984-இல், நைட்விங் என்று வேறு பெயர் வைத்துக்கொண்டான். ராபின் வேஷம் ஜேசன் டாட் என்ற பையனுக்குப் போனது. அவனைப் பல வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை. 1988-இல் பேட்மேன் காமிக்ஸ் போடும் டிசி நிறுவனம் இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்து வாசகர்களையே தீர்ப்புச் சொல்லச் சொன்னது: ராபின் பிழைக்க வேண்டுமென்றால் ஒரு எண், சாக வேண்டுமென்றால் இன்னொன்று. பிழைக்கட்டும் என்று 5,271 அழைப்புகள் வந்தன. சாகட்டும் என்று 5,343. வெறும் 72 அழைப்பு வித்தியாசத்தில் வில்லன் ஜோக்கர் கையால் அந்தப் பையன் செத்தான்.

அடுத்த ஆண்டே டிம் டிரேக் என்ற பையன் வந்தான், சீக்கிரமே ராபின் ஆனான். அவனுக்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள். ராபின் இன்று வரை இருக்கிறான். செத்தது ஜேசன். போன் எடுத்தவர்கள் ராபினைக் கொல்வதாக நினைத்திருப்பார்கள். பட்டப்பெயர் ஒரு பதவி மாதிரி, ஒருவர் போனால் அடுத்தவர் வந்து உட்கார்ந்துகொள்வார். தன் குகையில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் பேட்மேன் அந்தப் பையனுடைய உடுப்பை வைத்திருக்கிறார். அதன் முன்னால் நிற்கும்போது அவர் நினைப்பது ஜேசனை. அந்த இடத்தை எழுதும் ஒருவன் 'ராபின்' என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

அதே குகையில், பேட்மேன் முகமூடி போட்ட நிலையிலும், வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் அவரைச் சொந்தப் பெயரால் 'மாஸ்டர் ப்ரூஸ்' என்றுதான் கூப்பிடுவார். நம் ஊர்ப் பழைய பண்ணை வீடுகளில் 'சின்ன ஐயா' என்பார்களே, அதுபோல. எட்டு வயதிலேயே அப்பா அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர் அவர். அவர் வாயில் 'பேட்மேன்' ஒட்டாது. போலீஸ் கமிஷனர் கார்டனுக்கோ அது ஒன்றுதான் பெயர்.

இவ்வளவும் படித்துவிட்டு, சொந்தப் பெயர்தான் உண்மை, பட்டப்பெயர் வெறும் வேஷம் என்று முடிவு கட்டிவிடாதே. எக்ஸ்-மென் பக்கம் போனால் அது செல்லாது. 2006-இல் வந்த 'எக்ஸ்-மென்: தி லாஸ்ட் ஸ்டாண்ட்' படத்தில் மிஸ்டிக்கைப் பிடித்துவைத்து விசாரிக்கிறார்கள். அவளுடைய சொந்தப் பெயரான ராவன் என்று கூப்பிடுகிறார் அதிகாரி. அது அடிமைப் பெயர், அதற்குப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாள் அவள். நீல உடம்போடு பிறந்ததற்காகத் துரத்தப்பட்டவள் தானே தேடிக்கொண்ட பெயர் மிஸ்டிக். அதிகாரி ராவன் என்னும்போது, அந்த உடம்பையும் அந்த வாழ்க்கையையும் இல்லை என்று சொல்கிறார். எதிரியாக இருந்தாலும் அவளை மிஸ்டிக் என்றே எழுதுவேன். ஒருவர் தன்னை எப்படிக் கூப்பிடச் சொல்கிறாரோ அப்படிக் கூப்பிடுவதில் நமக்கு என்ன நஷ்டம்?

அதே வரிசையின் முதல் படத்தில், 2000-இல், பனி பெய்யும் சாலையில் ஒரு வண்டிக்குள் நடக்கும் பேச்சு உண்டு. பேர் என்ன என்று வுல்வரின் கேட்கிறான். ரோக் என்கிறாள் அந்தப் பெண். இது என்ன பேர் என்கிறான். வுல்வரின் மட்டும் என்ன பேர் என்று திருப்பிக் கேட்கிறாள். என் பேர் லோகன் என்கிறான் அவன். கொஞ்சம் பொறுத்து, மேரி என்கிறாள் அவள். தொட்டால் மற்றவர் உயிரையே உறிஞ்சிவிடுவோம் என்று பயந்து வீட்டை விட்டு ஓடிவந்தவள், யாரோ ஒருவனை நம்பித் தன் பெயரை ஒப்படைத்த நிமிஷம் அது. கதாசிரியர் முதலிலிருந்தே 'மேரி' என்று எழுதியிருந்தால் இந்த நிமிஷத்துக்கு இடமே இருந்திருக்காது.

எங்கள் காலத்து நினைவும் ஒன்று. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் போட்ட முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. அந்த ஆளின் பெயர் லூயிஸ் கிராண்டேல். கதையிலேயே எத்தனையோ தடவை வரும். ஆனாலும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிப் புத்தகம் இரவல் கேட்டதில்லை, "மாயாவி இருக்கா?" என்றுதான் கேட்போம். எங்களுக்கு அவன் வீட்டு மனிதன் இல்லை. மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோய், இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்க வருகிற அதிசயம். தூரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்குப் பட்டப்பெயரே போதும்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். குளக்கரையில் ஊரே "மின்மினி! மின்மினி!" என்று கத்துகிறது. அருமை, அதில் கை வைக்காதே. பேப்பரில் அப்படியே செய்தி வருகிறது, அதுவும் சரி. ஆனால் இரண்டாம் பக்கத்தில் அவளுடைய அம்மா அடுக்களையிலிருந்து, "மின்மினி, சாப்பிட வா" என்கிறாள். படித்ததும் திடுக்கிட்டுப்போனேன். அம்மாவுக்கு அவள் ரகசியம் தெரியாது என்று நீதானே முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்? ஏழாம் பக்கத்தில், ஒரு கிழவரைக் காப்பாற்ற முடியாமல் போய், வாசல்படியில் ஈரத் தலையோடு உட்கார்ந்து அழுகிறாள். அங்கேயும் 'மின்மினி அழுதாள்' என்றே எழுதியிருக்கிறாய். அந்த நேரத்தில் அவள் கையில் வெளிச்சம் இல்லை. அழுவது பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்.

அந்த இரண்டு இடத்தையும் அடித்துவிட்டு மறுபடி எழுது. அதற்கு அவளுக்கு ஒரு பேர் வேண்டும். பதினொரு பக்கத்தில் எங்கேயும் நீ அதைச் சொல்லவில்லை. அவள் அம்மா என்ன பேர் வைத்தாள் என்று யோசித்து வை. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அதைத்தான் முதலில் கேட்பேன்.

அன்புடன்,
மாமா