மனச்சிதைவு நோய் யார் வழி வந்தது?



குற்றால அருவியில் குளித்தால் புத்தி தெளியும் என்று நம்பி, மனச்சிதைவு நோயுள்ள பிள்ளைகளைத் தென்காசிப் பக்கம் அழைத்து வரும் குடும்பங்கள் உண்டு. "இது யார் வழி வந்தது? இவன் தங்கைக்கும் வருமா? அவளை யார் கட்டுவார்கள்?" என்பதே தாய்மாரின் கவலை. ஒரு ஜீனுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டா என்று எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதை இம்முறை படிப்போம்.

பெரும்பாலான ஜீன்கள் நம்மிடம் இரண்டு பிரதிகளாக உள்ளன. ஒன்று தந்தை தந்தது, மற்றது தாய் தந்தது. சிலருடைய பிரதியில் ஒரு சிறு மாறுதல் இருக்கும். அம்மாறுதல் நலமுள்ளவர்களைவிட நோயாளிகளிடம் அதிகமா என்று எண்ணிப் பார்ப்பது முதல் வழி.

இதில் ஒரு தவறு நேரலாம். நோயாளிகளைத் தென்காசியிலும் மற்றவர்களைச் சென்னையிலும் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? தலைமுறை தலைமுறையாகச் சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் நம் நாட்டில், ஒரு மாறுதல் ஒரு கூட்டத்தாரிடம் மிகுந்தும் மற்றவரிடம் குறைந்தும் இருக்கும். வம்சத்தால் வந்த வேறுபாட்டை நோயின் அடையாளம் என்று எண்ணிவிடுவோம்.

ஆகவே இரண்டாம் வழி, நோயாளியின் பெற்றோரையே சோதிப்பது. ஒரு பிரதியில் மட்டும் மாறுதல் உள்ள பெற்றோர் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். காசு சுண்டுவது போல, ஏறத்தாழ 50 பேர் அதை நோயுற்ற பிள்ளைக்குக் கொடுத்திருப்பார்கள். 70 பேர் கொடுத்திருந்தால் தொடர்பு இருக்கலாம். வேறு குடும்பங்களிலும் அதே விடை வந்தால்தான் நம்பலாம். டோபமைனைச் சிதைக்க உதவும் 'காம்ட்' ஜீனைப் பல ஆண்டுகள் சந்தேகித்தார்கள். பெரிய ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை.

டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனமும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களும் தென்னிந்தியரில் 3,000-க்கும் அதிகமானோரை ஆராய்ந்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகளுடன் அவர்கள் குடும்பத்தாரும், உறவல்லாத பிறரும் இதில் சேர்க்கப்பட்டனர். நியாசின் என்னும் பி3 வைட்டமினை உடல் பயன்படுத்த உதவும் ஒரு ஜீனின் அருகே தொடர்பு தென்பட்டது. இதனால் வைட்டமின் மாத்திரை நோயைத் தீர்க்கும் என்று பொருளல்ல. பல ஜீன்களும் வாழ்க்கைச் சூழலும் சேர்ந்தே இந்நோய்க்கு இடம் தருகின்றன.

அந்தத் தாய்க்கு என்ன சொல்வோம்? இது ஒருவர் குற்றமல்ல. நோயாளியின் உடன்பிறந்தோரில் 100-க்கு ஏறத்தாழ 90 பேருக்கு இது வருவதில்லை. தங்கைக்கு வருமா என்று சொல்லும் இரத்தப் பரிசோதனை எதுவும் இன்றில்லை. மகனுக்கோ மருந்து உண்டு. அதைத் தாமதமின்றித் தொடங்கி, இடையில் நிறுத்தாமல் கொடுப்பதே நாம் செய்யவேண்டியது.