கிழங்கும் கணக்கும்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் நாட்டுப் பழமொழி. கணக்குப் பாராமையாலேதான் உழக்கும் மிஞ்சவில்லையோ என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதனைத் தமிழ் மாணவத் தோழர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆத்தூர்ப் பக்கத்தில் மரவள்ளி பயிரிடும் குடும்பம் எங்களுடையது. முதுநிலை இயற்பியல் கற்க நான் திருவனந்தபுரம் வந்தேன். இங்குள்ளோர் கப்பை என்றும் மரச்சீனி என்றும் விரும்பி உண்பதும், எங்கள் ஊர்க் குச்சிக்கிழங்கும் ஒன்றே. தென்னமெரிக்காவில் பிறந்த இக்கிழங்கை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இந்நாட்டில் பரப்பினார். இங்கே அது அடுப்படிக்குச் செல்கிறது; எங்கள் ஊரிலோ பெரும்பாலும் ஆலைக்குச் செல்கிறது.

இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது? இரண்டாம் உலகப் போரின்போது கடல் கடந்து வந்துகொண்டிருந்த சவ்வரிசி நின்றுபோயிற்று. 1943இல் சேலத்து வணிகர் மாணிக்கஞ் செட்டியார், மரவள்ளி மாவினின்று சவ்வரிசி செய்யும் முயற்சியில் இறங்கினார். வராத பொருளுக்காக ஏங்கியிராமல், அருகில் விளைந்ததைக் கொண்டு ஆக்க முனைந்தார். தொழில் முனைவு என்பது இதுவன்றோ? பிறரும் அவர் வழியில் ஆலை வைத்தனர். 1981இல் அவ்வாலைகள் கூடி ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவுச் சங்கம் கண்டன. சரக்கைக் கிடங்கில் வைத்து, அதன்மேல் முன்பணம் பெற்று, நல்ல விலை வரும்போது விற்க அச்சங்கம் வழிசெய்தது. 2023இல் சேலம் சவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் இவ்வசதி ஆலைகளுக்கே. கிழங்கு விளைவிப்பவனுக்கு இல்லை. எங்கள் வட்டாரத்தில் கிழங்கின் விலையை அதிலுள்ள மாவின் அளவைக் கொண்டு, ‘பாயிண்ட்’ கணக்கில் தீர்மானிக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் ஒரே காட்டில் ஒரே நாளில் பிடுங்கிய கிழங்கை இரண்டு ஆலைகளுக்கு அனுப்பினார். ஓர் ஆலையில் 27 பாயிண்ட் என்றனர். மற்றோர் ஆலையில் 24 என்றனர். தந்தையார் வாய் பேசாமல் பணத்தை வாங்கிக்கொண்டு வந்தார். மறுத்துச் சொல்ல அவரிடம் வேறு எண் இல்லையே!

அந்த எண்ணைக் கண்டறிவது அரிய வித்தையா? இல்லை. மாவுப்பொருள் நீரினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே மாவு மிகுந்த கிழங்கு நீரில் அதிக எடை காட்டும். மண் நீக்கிய கிழங்கை ஐந்து கிலோ நிறுத்து, வலைப்பையிலிட்டு நீரில் அமிழ்த்தி மறுபடி நிறுக்க வேண்டும். ஒன்று 500 கிராமும், மற்றொன்று 600 கிராமும் காட்டினால், பின்னதிலேயே மாவு மிகுதி. பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீசின் விதி இதுதான். தராசும் தொட்டியும் போதும். ஊருக்கு ஒன்று வைத்து, தன் எண்ணைக் குறித்துக்கொண்டு செல்லும் உழவனை ஏய்ப்பது எளிதன்று.

இனி இரண்டாவது தடை. பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களில் கிழங்கினுள் கருநீலக் கோடுகள் ஓடிக் கெடத் தொடங்கும். சொன்ன விலைக்கு விற்றே தீர வேண்டிய நெருக்கடி இதனாலேயே உண்டாகிறது. இதற்கு விடை இந்நாட்டு வீடுகளிலேயே உள்ளது. விடுமுறையில் மலையாள நண்பர் ஒருவர் இல்லம் சென்றிருந்தேன். வீட்டார் அனைவரும் கூடிக் கிழங்கைச் சீவி, கொதிநீரில் சற்றே வேகவைத்து, நீரை வடித்து, வெயிலில் உலர்த்தினர். ‘வாட்டுகப்பை’ எனப்படும் அது மாதக்கணக்கில் கெடாது. ஆலை வேண்டாம், பெருமுதல் வேண்டாம். காத்திருக்கும் ஆற்றலே உழவனின் முதல் மூலதனம்.

நம் காரியவட்டம் வளாகத்திற்கு அண்மையில், ஸ்ரீகாரியத்தில், 1963இல் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1971இல் அது வெளியிட்ட எச்-226 என்னும் இரகம் எங்கள் பக்கத்துக் காடுகளில் விளைகிறது. விதைக்குச்சி வந்த வழியே கணக்கும் வரலாகாதா?

தோழர்களே! நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். வரும் விடுமுறையில் ஒரு தராசும் வலைப்பையுமாக நான் ஊர் செல்ல இருக்கிறேன். உங்கள் ஊர் விளைபொருளுக்கு எதைக் கொண்டு செல்லப் போகிறீர்கள்?