விளையாட்டில் வரலாறு

நால்வகைப் படையையும் பலகைமேல் நிறுத்தி ஆடும் சதுரங்கம் இந்திய நாட்டில் தோன்றியது. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நான்கு உறுப்புகளே அப்பெயருக்குக் காரணம். அவ்வாட்டம் பாரசீகம் சென்று, அரபு மக்கள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. யானைப்படையை அறியாத ஆங்கிலேயர், யானைக் காய்க்குக் கிறித்தவ சமயத் தலைவர் ஒருவரின் பெயரை இட்டனர். அரசனுக்கு அருகில் நின்ற அமைச்சனோ அரசியாகவே மாறிவிட்டான்! ஆடுவோரின் நாடும் பழக்கமும் ஆட்டத்தில் படிவது இவ்வாறு பழங்காலந்தொட்டு நிகழ்ந்து வருவதாகும்.

இக்காலத்தில் அப்பலகையின் இடத்தைக் கணிப்பொறித் திரை பெற்றுள்ளது. சிட் மையர் என்பாரின் பெயரோடு 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிவிலிசேஷன்' என்னும் விளையாட்டும், 1997-இல் தொடங்கிய 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்னும் விளையாட்டு வரிசையும் இத்துறையில் பெரும்புகழ் பெற்றவை. ஆடுவோன் உலக நாகரிகங்களுள் ஒன்றைத் தனக்கெனத் தேர்ந்துகொள்கின்றான். உணவும் மரமும் பொன்னும் திரட்டுகின்றான், ஊர் அமைக்கின்றான், சக்கரம், எழுத்து, இரும்பு ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறிகின்றான், படை திரட்டிப் பகைவர்மேல் செல்கின்றான். மாலி நாட்டு மன்னர் மான்சா மூசாவின் பெயரைப் பாடநூலில் காணாது, இத்தகைய விளையாட்டிலேயே முதன்முதல் அறிந்த இளைஞரும் உளர். ஆதலின், அத்திரையில் தோன்றும் மக்கள் உண்மையில் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் வினா புறக்கணிக்கத் தக்கதன்று.

மெக்சிகோ நாட்டு அஸ்டெக் மக்களை எடுத்துக்கொள்வோம். 2000-ஆம் ஆண்டில் அவர்கள் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் விளையாட்டில் சேர்க்கப்பெற்றனர். ஏனைய நாகரிகங்கள் பலவற்றுக்குக் குதிரை இலாயம் உண்டு. அவர்களுக்கு அஃது இல்லை. இது மிகவும் பொருத்தமே. ஸ்பெயின் நாட்டுக் கோர்ட்டெஸ் 1519-இல் 16 குதிரைகளுடன் அக்கரையில் இறங்கும் வரையில், அம்மக்கள் குதிரையைக் கண்டதில்லை. குதிரை வீரனுக்கு ஈடாக, விரைந்து ஓடும் கழுகு வீரனை விளையாட்டு அவர்களுக்கு அளித்தது. கழுகின் பெயர் பூண்ட போர்வீரர் அஸ்டெக் படையில் மெய்யாகவே சிறந்து விளங்கினர்.

எனினும், அதே விளையாட்டில் அஸ்டெக் உழவன் கைவண்டி தள்ளுகின்றான். அஸ்டெக் படை சக்கரம் பூட்டிய கல்லெறி பொறியை உருட்டிச் செல்கின்றது. கொல்லன் இரும்பை வார்க்கின்றான். இம்மூன்றும் அந்நாட்டில் இருந்தவை அல்ல. மெக்சிகோவில் அகழ்ந்தெடுத்த பழங்காலக் களிமண் பொம்மைகளில் சக்கரம் உண்டு. ஆனால், பொம்மைக்குப் பூட்டிய சக்கரத்தை அவர்கள் வண்டிக்குப் பூட்டவில்லை. இழுப்பதற்கேற்ற விலங்கு இல்லாதபோது வண்டியால் பெரும்பயன் யாது? அவர்களுடைய வாளும் இரும்பால் ஆயதன்று. எரிமலைக் கண்ணாடிச் சில்லுகளை மரத்தில் பதித்துச் செய்தது. அதன் கூர்மை வியக்கத்தக்கது. இவற்றை விளையாட்டு அமைத்தோர் அறியாதிருந்தனர் என்று கொள்ள வேண்டுவதில்லை. எந்தப் பக்கத்தை எடுத்து ஆடினும் வெல்லும் வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்பது ஆட்டத்தின் முதல் விதி. அவ்விதிக்காக எல்லா நாகரிகங்களையும் ஒரே ஏணியில் ஏற்றினர். அவ்வேணியோ ஐரோப்பிய வரலாற்றின் படிகளைக் கொண்டு செய்யப்பட்டது. பெரியம்மை என்னும் கொடுநோயும், அஸ்டெக் அரசை வெறுத்த திலாஸ்கலா மக்களின் துணையும் 1521-இல் தெனோச்சித்லான் நகரம் வீழ்வதற்குப் பெருங்காரணமாயின. அவற்றை ஏணியின் எந்தப் படியிலும் வைக்க இயலாது.

இந்தியாவின் நிலையும் காணத்தக்கது. 2013-ஆம் ஆண்டில் இவ்விளையாட்டு இந்தியா முழுவதையும் ஒரே நாகரிகமாகக் கொண்டு, அதன் படைவலியை ஒட்டகத்தின்மேல் ஏற்றியது. பாலைவனத்தை அடுத்த நாட்டுக்கு அது தகும். காவிரி நாட்டுக்கு எங்ஙனம் தகும்? 2022-இல் அந்த ஒன்றை நான்காகப் பிரித்து, திராவிடர் என்பாரைத் தனியே வகுத்தனர். இராசேந்திர சோழனின் போர்களும் ஆடுதற்குரிய கதையாயின. திராவிடருக்குக் கப்பற்படையும் காலாட்படையும் சிறப்பாக அளிக்கப்பெற்றன. மேனாட்டார் 'ஊட்ஸ்' என்று போற்றிய தென்னாட்டு உருக்கும் இடம் பெற்றது. 1025-ஆம் ஆண்டில் கடல் கடந்து கடாரம் கொண்டவனுக்கு இவை ஏற்ற சிறப்புகளே.

ஆனால், அப்படையின் தனிச்சிறப்பு வீரன் சுழற்றுவது உருமி என்னும் சுருள்வாள். கேரளக் களரியில் பயின்றவன் தனித்து நின்று வீசும் கருவி அது. தோளோடு தோள் சேர்ந்த அணிவகுப்பில் அதைச் சுழற்றினால், பகைவனுக்கு முன்னர் அருகில் நிற்கும் தோழனே காயம்படுவான்! கண்ணுக்கு விருந்தாவதை விளையாட்டு விரும்பி ஏற்கின்றது. கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரன் வெட்டுவித்த பேரேரியும், உத்தரமேரூர்ச் சபையார் 919, 921-ஆம் ஆண்டுகளில் கல்லில் பொறித்த தேர்தல் விதிகளும் அவ்வாறு திரையில் பளிச்சிடுவன அல்ல. ஏரியைப் பேணியோரும் ஓலையைக் குடத்தில் இட்டோரும் ஆடுவோன் கட்டளைக்குக் காத்து நிற்கும் போர்வீரர் அல்லரே!

நூல்களில் மட்டும் வாழும் மக்களைப்பற்றிப் பிழை நேர்ந்தால், அறிஞர் திருத்துவர். இன்றும் வாழும் மக்களைப்பற்றி நேர்ந்தால், அவர்களே பேசுவர். 2018-இல் 'சிவிலிசேஷன்' ஆறாம் விளையாட்டு, கனடா நாட்டுக் கிரீ மக்களையும் அவர்கள் தலைவர் பவுண்ட்மேக்கரையும் சேர்த்துக்கொண்டது. விளையாட்டு அவரை நட்பையும் வாணிகத்தையும் வளர்ப்பவராகவே காட்டியது. அது பொய்யன்று. 1885-ஆம் ஆண்டில் கட் நைஃப் என்னும் இடத்தில் கனடியப் படை தாக்கித் தோற்று ஓடியபோது, அதைத் துரத்திக் கொல்ல வேண்டா என்று தம் வீரரைத் தடுத்தவர் அவர். அவ்வாறிருந்தும், அவரை அரசுப்பகைக் குற்றத்திற்காகச் சிறையில் அடைத்தனர். உடல் நலிந்து விடுதலை பெற்றவர், மறு ஆண்டே உயிர் நீத்தார்.

அவர் பெயரைத் தாங்கிய கிரீ குடியின் தலைவருள் ஒருவரான மில்ட்டன் டூட்டூசிஸ் இவ்விளையாட்டைக் கடிந்தார். பவுண்ட்மேக்கரின் உருவம் பிழைபட்டது என்பதன்று அவர் கூறிய குறை. பிறர் நிலத்தை வென்று அடக்கி ஆளுதலே குறிக்கோள் என்பது குடியேறிய வெள்ளையரின் எண்ணம். அதையே கிரீ மக்களும் கொண்டிருந்தனர் என்னும் கட்டுக்கதையை இவ்விளையாட்டு வளர்க்கின்றது என்பதே அவர் முறையீடு. உடையும் மொழியும் சரியாக இருந்தும், ஆட்டத்தின் நோக்கமே அம்மக்களுக்கு அயலானது என்று அவர் சுட்டியது கூர்ந்து நோக்கத்தக்கது. 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் கனடா அரசு பவுண்ட்மேக்கரைக் குற்றமற்றவர் என அறிவித்தது.

இத்தகைய குரல்களைக் கேட்டுத் திருந்திய விளையாட்டும் உண்டு. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' மூன்றாம் விளையாட்டில் 2006-ஆம் ஆண்டு சேர்ந்த வட அமெரிக்கப் பழங்குடியினர், பிறர் இட்ட பெயர்களாலேயே இரோக்குவா, சூ என்று வழங்கப்பட்டனர். 2020-இல் அது புதுப்பிக்கப்பட்டபோது, அக்குடிகளைச் சார்ந்தோரைக் கலந்து, அவர்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் ஹோடெனோஷோனி, லக்கோட்டா என்னும் பெயர்களையே இட்டனர். அவர்கள் தீயைச் சுற்றி ஆடி வலிமை பெறுவதாகக் காட்டிய பகுதியை மாற்றினர். பொற்சுரங்கத்தில் அவர்களை வேலை வாங்குவதை அறவே நீக்கி, விலங்குத் தோல் விற்கும் சந்தையை அதற்கு ஈடாக அமைத்தனர்.

ஆடுவோனுக்குச் சுரங்கமும் சந்தையும் ஒன்றே. இரண்டும் நாணயம் தருவன. லக்கோட்டா மக்களுக்கு அவ்வாறன்று. அவர்கள் புனிதமெனப் போற்றும் பஹா சாபா என்னும் கருங்குன்றுகளை, 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அவர்களுக்கே உரியவை என்று அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது. 1874-இல் அக்குன்றுகளில் பொன் இருப்பது தெரிந்தது. பொன் தேடுவோர் திரள் திரளாகப் புகுந்தனர், போர் மூண்டது, 1877-இல் அரசு அந்நிலத்தைப் பறித்துக்கொண்டது. ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1980-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அது முறையற்ற செயல் எனத் தீர்ப்பளித்து, 10 கோடி டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டை உறுதி செய்தது. தங்களுக்கு வேண்டுவது நிலமே என்று கூறி அம்மக்கள் அதை ஏற்க மறுத்தனர். வட்டியோடு 100 கோடி டாலரைக் கடந்துவிட்ட அத்தொகை, பெறுவாரின்றி இன்னும் அரசின் கணக்கிலேயே கிடக்கின்றது.