கடைமடைக்கும் தண்ணீர்: குளத்துக் கமிட்டி என்ன செய்கிறது?

இந்த மாதச் சுவர் இதழுக்கு "நம்ம ஊர் விவசாயம்" என்று தலைப்பு கொடுத்தார்கள். நான் எங்க வயலைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. குளத்து மடையிலிருந்து பார்த்தால் வாய்க்காலின் கடைசி வயல் அதுதான். இதைத்தான் கடைமடை என்று சொல்வார்கள். நம்ம வள்ளியூர் பக்கம் தாமிரபரணிக் கரை மாதிரி கார், பிசானம் என்று இரண்டு பூவும் எல்லா வருஷமும் விளையாது. பெரும்பாலும் பிசானம் ஒன்றுதான். குளம் பெருகினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. சில குளங்களுக்கு மழைத் தண்ணீர் மட்டும் வரும். சில குளங்களுக்குத் திருக்குறுங்குடி பக்கத்தில் உள்ள கொடுமுடியாறு அணைத் தண்ணீரும் வரும். அந்த அணையின் உயரம் 52.5 அடி. நாங்குநேரி, இராதாபுரம் தாலுகாக்களில் 44 குளங்கள் அதை நம்பி இருக்கின்றன.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெல் பால் பிடிக்கிற சமயத்தில் எங்க வயல் காய்ந்துபோச்சு. குளத்தில் தண்ணீர் இருந்தது. மடையும் திறந்துதான் இருந்தது. எங்களுக்கு முறையும் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் வயலில் வெடிப்பு விழுந்துவிட்டது. அறுத்தபோது பாதிக்குமேல் பதர். அப்பா யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. வைக்கோலை மட்டும் கட்டிக்கொண்டு வந்தார். அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது அந்த வருஷம்தான்.

எப்படி இப்படி ஆச்சு என்று புரிய, முதலில் கமிட்டியைப் பற்றித் தெரியவேண்டும். 2000-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான சட்டம் அது. அதன்படி ஒரு ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்கள் சேர்ந்து நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைத்து, ஓட்டுப்போட்டுத் தலைவரையும் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரில் இதை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "குளத்துக் கமிட்டி" என்றுதான் சொல்வார்கள். வாய்க்கால் தூர்வாருவது, மடையைப் பார்ப்பது, தண்ணீரை முறைவைத்துப் பங்கிடுவது எல்லாம் இவர்கள் பொறுப்பு. 2017-ல் அரசு குடிமராமத்தை மறுபடியும் தொடங்கியபோது, செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ, பொருளாகவோ, உடலுழைப்பாகவோ கொடுக்கவேண்டும் என்று வைத்தார்கள். குடிமராமத்து என்ற சொல் புதுசு இல்லை, தாத்தா காலத்துக்கும் முந்தியது.

கமிட்டியே கூட நமக்குப் புதுசு இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறை பற்றிச் சமூக அறிவியலில் படித்திருப்பீர்கள். கி.பி. 921-ல் அங்கே 30 குடும்புகளிலிருந்து தேர்ந்தெடுத்தவர்களில் 6 பேர் ஏரி வாரியம். ஏரியைப் பார்க்கிறதே அவர்கள் வேலை. அதற்கும் நூறு வருஷத்துக்கு முந்தியது, நம்ம திருநெல்வேலிச் சீமையிலேயே உள்ள மானூர்க் கல்வெட்டு. பாண்டியன் மாறஞ்சடையனின் 35-ஆம் ஆட்சியாண்டு, சுமார் கி.பி. 800. சபையில் யார் உட்காரலாம் என்று அதில் விதி இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது அதிலுள்ள இன்னொரு விதி. எதைச் சொன்னாலும் "இல்லை, இல்லை" என்று குறுக்கே நிற்பவர்களுக்கு 5 காசு அபராதம்! எங்க குளத்துக் கமிட்டியில் இந்த விதி இருந்திருந்தால் ஒருத்தரிடமே நல்ல வசூல் ஆகியிருக்கும். (பெயர் சொல்லமாட்டேன்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வயல் காய்ந்ததற்கு அடுத்த பிசானத்தில், கமிட்டிக் கூட்டத்துக்குத் தாத்தா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "ஏட்டி, நீதான் கணக்குல நல்லா போடுவியே, நோட்டை எடுத்துட்டு வா" என்றார். சாவடியில் பெரிய ஆள்கள்தான் இருந்தார்கள். நான் தூண் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன்.

எங்க மடைக்கு உட்பட்டது 60 ஏக்கர். ஒரு சுற்று 5 நாள், அதாவது 120 மணி நேரம். ஆகவே ஏக்கருக்கு 2 மணி. எங்க ஒன்றரை ஏக்கருக்கு 3 மணி. கணக்கு சரிதானே? ஆனால் முறையைப் பதிவேட்டில் பெயர் இருக்கிற வரிசையில் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் முறை உள்ளவர் வயல் மடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் பாய்ச்சி முடிக்கும்வரை கீழே வாய்க்கால் காய்ந்தே கிடக்கும். அப்புறம் எங்க முறை. மடையிலிருந்து எங்க வயலுக்குத் தண்ணீர் வந்துசேர 3 மணி நேரம் ஆகும். காய்ந்த வாய்க்கால் அவ்வளவும் குடித்துவிடும். எங்க முறையும் 3 மணிதான். தண்ணீர் வரப்பைத் தொடும்போது நீர்பாய்ச்சி வந்து, "நேரம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி" என்று அடைத்துவிடுவார். யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. வரிசைதான் தப்பு.

தாத்தா எழுந்து, "கடைமடையிலிருந்து ஆரம்பிச்சு மேலே வாங்க" என்றார். முதல் நாள் வாய்க்கால் நிறைய 3 மணி. அதைப் பொதுவில் கழித்துவிட்டால் மீதி 117 மணி. 60 ஏக்கருக்குப் பிரித்தால் ஏக்கருக்கு 1 மணி 57 நிமிஷம். அதன்பிறகு ஒவ்வொரு வயலாக மேலே வரும்போது வாய்க்கால் ஏற்கனவே நனைந்திருப்பதால் மறுபடி நஷ்டம் இல்லை. ஆக ஒவ்வொருவருக்கும் ஏக்கருக்கு வெறும் 3 நிமிஷம் குறையும், எங்களுக்கோ ஒரு போகமே கிடைக்கும். (பத்தாம் வகுப்பு அக்காமார் கணக்கைச் சரிபார்க்கலாம்.) நான் நோட்டைக் காட்டினேன். மேல்மடைக்காரர் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "மூணு நிமிஷம்தானா? இதுக்கா இத்தனை நாள் சண்டை போட்டோம்" என்றார். நம்ம 5 காசுக்காரர் அப்போதும் இல்லை என்றுதான் சொன்னார். ஆனால் கை தூக்கச் சொன்னபோது அவர் கையும் மேலே போனது.

கமிட்டி செய்கிற இன்னொரு நல்ல காரியம், கூட்டத்துக்கு வேளாண்மைத் துறைக்காரர்களை அழைப்பது. வயதானவர்களுக்கும் ஒரு பள்ளிக்கூடம் மாதிரி அது. அன்றைக்கு வந்த அலுவலர் திருந்திய நெல் சாகுபடி பற்றிச் சொன்னார். 1980-களில் மடகாஸ்கர் தீவில் லொலானி என்ற பாதிரியார் அங்குள்ள விவசாயிகளோடு சேர்ந்து கண்டறிந்த முறை அது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்றே ஒன்று, 22.5 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடவு. கோனோவீடரை உருட்டிக் களையை மண்ணுக்குள்ளேயே அமுக்கவேண்டும். விதை ஏக்கருக்கு 2, 3 கிலோ போதும். 2003-04-ல் தாமிரபரணிப் பாசனத்தில் 100 விவசாயிகளின் வயல்களிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைச் சோதித்தபோது, எக்டேருக்குச் சராசரி 7 டன்னுக்கு மேல் விளைந்தது. பக்கத்திலேயே பழைய முறையில் நட்டதில் ஐந்தரை டன்னுக்குக் கொஞ்சம் மேல்.

எனக்கு முக்கியமாகப் பட்டது தண்ணீர்ச் சங்கதி. வயலில் எப்போதும் தண்ணீர் கட்டிவைக்க வேண்டியதில்லை. மண்ணில் மயிரிழை போல வெடிப்பு தெரியும்போது மறுபடி பாய்ச்சினால் போதும். ஆச்சி இதை நம்பவே இல்லை. "ஒத்தை நாத்தை நட்டுட்டு வயலைக் காயப்போடுறதா? போன தடவை காய்ஞ்சது போதாதா?" என்று சத்தம் போட்டாள். அவள் பயமும் நியாயம்தான். வெடிப்பைப் பார்த்து அழுதவள் அவள். அதனால் அப்பா அரை ஏக்கரில் மட்டும் புது முறை, மீதியில் பழையபடி அம்பை 16 என்று வைத்தார். (அம்பை என்றால் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம். ரகங்களுக்கு ஊர்ப் பெயர் வைப்பார்கள்.) புது முறையில் களைதான் அதிகம், இடுப்பு ஒடிந்துவிட்டது. உள்ளதைச் சொல்லவேண்டும் அல்லவா? ஆனால் ஒரு குத்தில் நான் எண்ணிப் பார்த்தபோது 31 தூர் இருந்தது. ஆச்சியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். அவள் இரண்டு தடவை எண்ணினாள்.

இந்த வருஷப் பிசானத்துக்கு முறைப் பட்டியல் சாவடிச் சுவரில் ஒட்டியாச்சு. கூட்டத்தில் எழுதச் சொன்னதால் என் கையெழுத்துதான். மடை திறப்பது திங்கட்கிழமை காலை 6 மணி. எங்க வயல் முதல் வரிசையில், காலை 9 மணி முதல் 11.55 வரை. அப்போது எனக்கு இரண்டாவது பீரியட் கணக்கு. அப்பாவும் தாத்தாவும் போவார்கள்.